தெபொராளுக்கு ஒரு பெயர்ப் பலகை: கைவேலை சுத்தம், மேட்டர் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்

ஞானஸ்நானத்துக்குப் பெயர்ப் பலகை பரிசளிப்பது வேலூர்ப் பக்கம் இப்போது நன்றாகப் பரவிவிட்டது. முன்பு வெள்ளிக் கிண்ணம், பாலாடை, கொலுசு என்று போவோம். வெள்ளி விற்கிற விலைக்கு இப்போது எல்லோரும் பலகைக்கு வந்துவிட்டார்கள். மரத்தில் குழந்தையின் பெயரை லேசரில் பொறித்து, கீழே பெயரின் பொருள், ஒரு வசனம், பிறந்த தேதி போட்டுத் தருகிறார்கள். கூடக் காசு கொடுத்தால் எபிரெய எழுத்திலும் பெயரைப் போட்டுத் தருகிறார்கள். என் மகன் வயிற்றுப் பேத்தி தெபொராளுக்காக அப்படி ஒன்று செய்து வாங்கினேன். செய்யக் கொடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், கடைக்காரரோ நல்ல மனுஷன். லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்லும் குறை அவர் ஒருவருடையதும் அல்ல. இந்த வேலை செய்கிற கடைகள் பலவற்றிலும் சுற்றுகிற ஒரே பட்டியலின் குறை.

படி செங்குத்தாக இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் கீழிருந்தே போன் செய்தால் பையன் ஆல்பத்தோடு இறங்கி வருவான். மேலே போனால் சுவர் முழுக்க மாதிரிப் பலகைகள். கல்யாணத் தாம்பூலப் பை அச்சடிக்கிறார்கள், வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை செய்கிறார்கள், கடை திறப்பு விழாவுக்கு ஷீல்டும் உண்டு. குழந்தைப் பலகை அதில் ஒரு பகுதிதான். ஆனால் அதில்தான் இப்போது நல்ல ஓட்டம் என்றார் உரிமையாளர்.

பெயரைச் சொன்னதும் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். அகர வரிசையில் வேதாகமப் பெயர்கள், எதிரே பொருள். இணையத்தில் எங்கோ இருந்து இறக்கி, தமிழாக்கி, லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். தெபொராளுக்கு எதிரே "இனிமையானவள், பொறுமைசாலி, தேவ வாக்கு" என்று இருந்தது. எபிரெயத்தில் அந்தப் பெயருக்குத் தேனீ என்றுதான் பொருள். அந்த வார்த்தை எங்கும் இல்லை.

அங்கேயே நின்று மற்ற பெயர்களையும் பார்த்தேன். ராகேல் என்றால் எபிரெயத்தில் பெண் ஆடு. பட்டியலில் "சாந்தமானவள்". நியாயாதிபதிகள் புத்தகத்தில் சிசெரா என்ற படைத்தலைவனைக் கொன்ற யாகேலின் பெயருக்கு மலை ஆடு என்று பொருள். பட்டியலில் "உயர்ந்தவள்". தாமார் என்றால் பேரீச்சமரம். அதற்கு "நேர்மையும் அழகும்". சூசன்னாளுக்கு மட்டும் லீலிப்பூ என்று சரியாகப் போட்டிருந்தார்கள், பூ என்பதால் தப்பித்தது. எஸ்தருக்கு "நட்சத்திரம்" என்று இருந்தது. அது பாரசீக வழியில் பலரும் சொல்லும் பொருள்தான், தப்பில்லை. ஆனால் அவளுடைய எபிரெயப் பெயர் அத்சாள் என்று எஸ்தர் புத்தகமே சொல்கிறது, அது மிருதுச்செடி. அதற்கும் பட்டியலில் இடமில்லை.

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "சிஸ்டர், ஆடு, பூச்சின்னு போட்டா யார் வாங்குவாங்க? எல்லாரும் அன்பு, அருள், இனிமைதான் கேக்குறாங்க" என்றார். வியாபாரம் அவருடையது, அதுவும் நியாயம்தான். ஆனால் ஊரில் உள்ள எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் அன்பு, அருள், இனிமை என்றே எழுதிக்கொண்டு போனால், எதற்குத் தனித்தனியாகப் பெயர் வைக்கிறோம்?

எனக்குத் தேனீதான் வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் உண்டு. தெபொராள் என் அம்மாவின் பெயர். ராணிப்பேட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தவர். அதிகம் படிக்கவில்லை, ஆனால் நியாயாதிபதிகள் புத்தகக் கதைகளை யாரோ வாசிக்கக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக வைத்திருந்தார். நான் சி.எம்.சி.யில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். 1909-ல் ஐடா ஸ்கடர் தொடங்கி வைத்த நர்சிங் பள்ளியின் வழியில் வந்த கூட்டம் நாங்கள். என் மகளுக்கு அம்மாவின் பெயரை வைக்க நினைத்தபோது, "பழைய காலத்துப் பேர் வேணாம்" என்று அம்மாவே தடுத்துவிட்டார். பேத்திக்கு வைக்கும்போது தடுக்க அவர் இல்லை.

வேதாகமத்தில் தெபொராள் என்று இரண்டு பேர். பலகைக் கடைப் பட்டியல்களும் பிரசங்கங்களும் பெரும்பாலும் ஒருத்தியைத்தான் சொல்கின்றன. முதல் தெபொராள் ரெபெக்காளின் தாதி. ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ரெபெக்காளைக் கல்யாணத்துக்கு அனுப்பும்போது கூட ஒரு தாதியை அனுப்புகிறார்கள். அங்கே அவளுக்குப் பெயர் இல்லை. பிறகு பல அதிகாரங்களுக்கு அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரெபெக்காளுக்குக் குழந்தை இல்லாத வருஷங்கள், இரட்டைப் பிள்ளைகள், அண்ணன் தம்பி சண்டை, யாக்கோபு ஊரை விட்டு ஓடியது, எல்லாம் நடந்து முடிகிறது. 35-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில்தான் தெபொராள் என்ற பெயரோடு வருகிறாள், வரும்போதே இறந்துபோகிறாள். பெத்தேலுக்குக் கீழே ஒரு கர்வாலி மரத்தடியில் அடக்கம் செய்கிறார்கள். அந்த மரத்துக்கு அல்லோன்பாகூத் என்று பெயர் வந்தது, அழுகையின் மரம் என்று அர்த்தம். எஜமானி ரெபெக்காளின் சாவைக்கூட ஆதியாகமம் அது நடந்த இடத்தில் சொல்வதில்லை. தாதியின் சாவுக்கு ஒரு வசனமும் ஒரு மரமும் ஒதுக்கியிருக்கிறது. வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வசனம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இரண்டாவது தெபொராளை எல்லோருக்கும் தெரியும். நியாயாதிபதிகள் 4, 5 அதிகாரங்கள். எப்பிராயீம் மலைநாட்டில், ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தவள். தீர்க்கதரிசியும் கூட. ஆத்சோரின் ராஜா யாபீனுடைய படைத்தலைவன் சிசெராவிடம் 900 இரும்பு ரதங்கள். 20 வருஷம் ஒடுக்குகிறார்கள். அவள் பாராக்கைக் கூப்பிட்டு, 10,000 பேரைத் திரட்டிக்கொண்டு தாபோர் மலைக்குப் போகச் சொல்கிறாள். நீ வந்தால் போகிறேன், வராவிட்டால் போகமாட்டேன் என்கிறான் அவன். வருகிறேன், ஆனால் இதில் பெருமை உனக்கு இல்லை, கர்த்தர் சிசெராவை ஒரு பெண் கையில் கொடுப்பார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் புறப்படுகிறாள். இவளைப் "பொறுமைசாலி" என்று பலகையில் எழுதினால் பாராக்கே சிரிப்பான்.

வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. "கொட்டுற பூச்சி பேரையா புள்ள தலைமாட்டுல மாட்டப் போறீங்க?" என்று சம்பந்தியம்மா கேட்டார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எபிரெய வேதாகமத்தில் தேனீ வருகிற நாலு இடத்திலும் அது இனிப்புக்காக வரவில்லை. உபாகமம் 1:44-ல் எமோரியர் தேனீக்கள் துரத்துகிறதுபோல் துரத்துகிறார்கள். சங்கீதம் 118-ல் எதிரிகள் தேனீக்களைப்போல் சூழ்ந்துகொள்கிறார்கள். ஏசாயா 7:18-ல் அசீரியா தேசத்துத் தேனீயைக் கர்த்தர் கூப்பிடுகிறார், அது படையெடுப்பு. சிம்சோன் கதையில் மட்டும் தேனும் கூடவே இருக்கிறது. அதுவும் செத்த சிங்கத்தின் உடலுக்குள். யூத ரபிமார்களுக்கும் இந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர்களுடைய பழைய விளக்க நூலான தல்மூதின் மெகில்லா பகுதியில், கர்வம் பிடித்த இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் வெறுக்கத்தக்க பெயர்கள் என்று தெபொராளையும் இன்னொரு தீர்க்கதரிசியான உல்தாளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். உல்தாள் என்பதும் வளையில் வாழும் ஒரு சின்னப் பிராணியின் பெயர். ஆண் ஒருவன் வழக்குத் தீர்த்துப் படையையும் அழைத்திருந்தால் கர்வம் என்று எழுதியிருப்பார்களா என்பது வேறு பேச்சு.

சம்பந்தியம்மாவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: கொட்டத் தெரிந்த பெண் குழந்தையாக இருக்கட்டும். ஜவ்வாது மலையில் தேன் எடுக்கிறவர்களைக் கேட்டால் கொட்டாத தேனீயின் தேன் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்வார்கள். கொசுத்தேன் என்று ஒன்று உண்டு, மருந்துக்கு ஆகும் அளவுதான். வாளி நிறையத் தருவது மலைத்தேனீ, அதன் பக்கத்தில் சும்மா போக முடியாது. அப்புறம், கூட்டில் வேலை செய்வதும் கொட்டுவதும் பெண் தேனீக்களே. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது.

பட்டியலில் "தேவ வாக்கு" எப்படி வந்தது என்பதை மாப்பிள்ளை விளக்கினார். அவர் சி.எஸ்.ஐ. சபையில் ஐயர், அதாவது போதகர், மதுரை அரசரடியில் இறையியல் படித்தபோது எபிரெயமும் படித்தவர். தெபொராள் என்ற பெயரின் வேர் எழுத்துகள் தாலேத், பேத், ரேஷ். பேச்சு, வார்த்தை என்று பொருள்படும் தாபார் என்ற சொல்லுக்கும் அதே மூன்று எழுத்துகள்தான். தீர்க்கதரிசிக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று பலர் இரண்டையும் இணைத்துப் பேசுவார்கள். ஆனால் பெயர் நேரடியாகத் தேனீயைக் குறிக்கிற சாதாரணச் சொல். இன்றைக்கும் இஸ்ரேலில் ஒரு குழந்தை தேனீயைப் பார்த்தால் "த்வோரா" என்றுதான் கத்தும். பிரசங்கத்தில் வாக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், பலகையில் தேனீ என்று போடுங்கள் என்றார் மாப்பிள்ளை. அவர் கொடுத்த இன்னொரு தகவலும் எனக்குப் பிடித்தது. பாலும் தேனும் ஓடுகிற தேசம் என்று வாசிக்கிறோமே, அந்தத் தேன் பேரீச்சம்பழப் பாகாகவும் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்களாம். தேனீ என்ற பெயர்க்காரி பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்காக அந்த நாட்டில் தேனீயே வளர்க்கவில்லை என்றும் ஆகிவிடாது. யோர்தான் பள்ளத்தாக்கில் தெல் ரெகோவ் என்ற இடத்தில் 2007-ல் தோண்டியபோது, களிமண்ணும் வைக்கோலும் சேர்த்துச் செய்த தேன்கூடுகள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய 3,000 வருஷம் பழையவை.

சரி, கடைக்கு வருகிறேன். மேட்டரை நானே எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, "உங்க இஷ்டம் சிஸ்டர்" என்று வாங்கிக்கொண்டார். அட்வான்ஸ் பாதி. ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. தமிழ் எழுத்து அருமை. "தெபொராள்" என்பதில் கொம்பும் காலும் இடைவெளி விடாமல் உட்கார்ந்திருந்தன. சில கடைகளில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும், இங்கே அந்தத் தொல்லை இல்லை. எபிரெயத்தில்தான் இடறியது.

எபிரெயம் வலமிருந்து இடமாக எழுதுகிற மொழி. இந்தப் பெயருக்கு ஐந்து எழுத்து: தாலேத், பேத், வாவ், ரேஷ், ஹே. ப்ரூஃபில் ஐந்தும் இருந்தன, ஆனால் தலைகீழ் வரிசையில். வலது ஓரத்தில் ஹே, இடது ஓரத்தில் தாலேத். டிசைன் போடுகிற மென்பொருளில் ஒட்டும்போது எழுத்துகள் இடமிருந்து வலமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டன. எனக்கு அது அழகான கோலமாகத்தான் தெரிந்தது. படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பியதும் அடுத்த நிமிஷமே போன் வந்தது. இதே கடைச் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பலகைகளில் எத்தனை இப்படித் திரும்பி நிற்கின்றனவோ. நடுவீட்டில் மாட்டி வைத்திருப்பவர்கள் யாரும் படித்துப் பார்த்திருக்கப் போவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், உருது மேட்டரில் இந்தக் கடை தவறு செய்வதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்திலிருந்து மர்யம், சாரா, ஹவ்வா என்று பலகைகள் நிறையப் போகின்றன. அவையும் இதே பழைய குடும்பத்துப் பெயர்கள்தான். அந்த எழுத்தும் வலமிருந்து இடம். ஆனால் அதற்கு உருது டி.டி.பி., அதாவது கணினி அச்சுக்கோப்பு, தெரிந்த ஒருவர் தனியாக இருக்கிறார், வாங்குகிறவர்களும் படித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எபிரெயத்துக்கு ஊரில் அப்படிப் படித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

திருத்தச் சொன்னதும் செய்தார்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. மாப்பிள்ளை பெயரைத் தட்டச்சு செய்து படமாகவே அனுப்பினார். படமாக அனுப்பினால் எழுத்து இடம் மாறாது; செய்யக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். இரண்டாவது ப்ரூஃபில் வரிசை சரியாக இருந்தது, ஃபாண்ட் மெலிசு. தாலேத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசம் மேல் மூலையில் மட்டும்தான். தாலேத்தின் மூலை கூராக, பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டு இருக்கும். ரேஷின் மூலை வளைந்து இறங்கும். இந்தப் பெயரில் இரண்டும் இருக்கின்றன. மரத்தில் லேசர் சுடும்போது மெல்லிய மூலை கருகி மழுங்கினால் தாலேத் ரேஷாகிவிடும். தடித்த ஃபாண்ட்டாக மாற்றச் சொன்னோம். அந்தத் தம்பி பொறுமையாக மாற்றி, ஒரு சின்னக் கட்டையில் சுட்டுக் காட்டிவிட்டுத்தான் பலகையில் கை வைத்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த முறையும் அங்கேதான் போவேன்.

பலகை ஒரு அடிக்கு ஒன்றரை அடி. வேப்பமரம், தேக்கு, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். என்று மூன்று விதம் காட்டினார்கள். தேக்கு விலை ஏறிக் கிடக்கிறது. எம்.டி.எஃப். எடை குறைவு, ஆனால் மழைக்காலத்தில் ஓரம் ஊதும். நான் எடுத்தது வேப்பமரம். எபிரெயத்தோடு சேர்த்து 1,450 ரூபாய். பெயர்ப்பலகைக்கு இது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் விளிம்புகளை உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்திருக்கிறார்கள், பின்புறக் கொக்கியும் திடமாக இருக்கிறது. பின்னால் எல்.ஈ.டி. விளக்கு வைத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். மாதிரிப் பலகை ஒன்றிலேயே பாதி விளக்கு எரியவில்லை. பூ, தேவதை, கால்தடம் என்று மூலைகளை நிரப்பவும் பார்ப்பார்கள். நாங்கள் மூலையில் ஒரே ஒரு தேனீ போட்டுத் தரச் சொன்னோம். முதலில் வந்தது கார்ட்டூன் தேனீ. பல்லைக் காட்டிச் சிரித்தது. கொடுக்கு இல்லை. கொடுக்கு வைத்து வரையச் சொன்னதும் தம்பி சிரித்துவிட்டான், ஆனால் வரைந்து கொடுத்தான்.

சொன்ன தேதிக்குப் பலகை வரவில்லை, கரண்ட் இல்லை என்றார்கள். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. நல்ல காரியத்துக்கு வாங்குகிறவர்கள் ஒரு வாரம் முன்னால் தேதி சொல்லி வையுங்கள். விருந்தில் பிரியாணியை விடப் பலகையைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். சம்பந்தியம்மாவும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார்.

பலகையில் எழுதியது இவ்வளவுதான்: மேலே எபிரெயத்தில் பெயர், நடுவில் "தெபொராள்", கீழே "தேனீ", அதற்கும் கீழே சின்னதாக "ஆதி. 35:8, நியா. 4:5". கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் மொழிபெயர்ப்பில் இருக்கிறபடி "தெபோரா" என்று எழுதிக் கொடுங்கள். கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், நீங்கள் சொல்லாவிட்டால் வாயில் வந்தபடி போட்டுவிடுவார்.

பலகைக்கும் கைவேலைக்கும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த லேமினேட் பட்டியலுக்கு ஒன்று, அதுவும் சூசன்னாளுக்காக. நான் பேசிய பேச்சில் தெபொராளுக்கு எதிரே "தேனீ" என்று பேனாவால் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். ராகேலுக்கு ஆடு இன்னும் வரவில்லை. கடை ஞாயிறு விடுமுறை, வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் உருது டி.டி.பி.காரர் இருக்கமாட்டார். வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவார்கள், செலவு தனி. கண்ணாடி போட்ட மாடலைக் கூரியரில் கேட்காதீர்கள்.